சிக்னலும் கல்லாவும் – 6: கேமராவுக்கு ஒரு கமிஷன்

முன்கதை: வளைவுகளில் தன் கார் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று தெரிந்துகொள்ள, நெதர்லாந்து பந்தய வீரர் மாரிஸ் கட்சோனிடெஸ் ஒரு கருவி செய்தார். வேகமாகப் போவதற்காகச் செய்த கருவி, வேகமாகப் போகிறவர்களைப் பிடிக்கும் கருவியாகிவிட்டது. 1993இல் கேமராக்கள் நியூயார்க் சிக்னல்களில் ஏறின. பத்து வருடம் கழித்து, மேயர் ரிச்சர்ட் எம். டேலியின் சிகாகோவும் களத்தில் இறங்கியது. எந்த நிறுவனத்துக்கு காண்ட்ராக்ட் என்று முடிவு செய்ய ஒரு குழு உட்கார்ந்தது. அந்தக் குழுவில் ஓட்டுரிமை உள்ள ஒருவரின் பெயரைச் சொல்லி நிறுத்தியிருந்தோம்.

ஜான் பில்ஸ்.

* * *

சிகாகோவில் அரசாங்க வேலைக்கும் கட்சி வேலைக்கும் நடுவில் இருக்கும் கோடு எப்போதுமே அழிந்துபோன கோடுதான். பில்ஸ் பகலில் நகரப் போக்குவரத்துத் துறை அதிகாரி. தேர்தல் வந்தால் 13ஆவது வார்டின் பூத் பொறுப்பாளர். வீடு வீடாகக் கதவு தட்டி ஓட்டுச் சேர்ப்பவர்.

அந்த வார்டு யாருடையது என்பது முக்கியம். இலினாய்ஸ் மாநில சட்டசபையில் பல பத்தாண்டுகள் சபாநாயகராக இருந்த மைக்கேல் மேடிகனின் கோட்டை அது. (அந்த மேடிகனும் வேறொரு ஊழல் வழக்கில் சிக்கி 2025இல் ஏழரை ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். அது தனிக்கதை. இந்தத் தொடரில் நுழைந்தால் நாம் வெளியே வர முடியாது.)

பில்ஸ் துறையில் படிப்படியாக ஏறி நிர்வாகத் துணை ஆணையர் ஆனார். மேயரின் அருகே உட்காருகிற பதவியில்லை. பத்திரிகைகளில் படம் வருகிற முகமும் இல்லை. ஆனால் எந்தச் சந்திப்பில் எந்தக் கம்பம் நட வேண்டும், எந்தக் கோப்பு எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் இப்படிப்பட்டவர்களின் கையில்தான் இருக்கும். காண்ட்ராக்ட் பிடிக்க வருகிறவர்கள் முதலில் தேடுவதும் இவர்களைத்தான்.

தேடி வந்த நிறுவனம் ரெட்ஃப்ளெக்ஸ். தாய் நிறுவனம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில். அமெரிக்கத் தலைமையகம் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸில். அமெரிக்கப் பிரிவில் இரண்டு பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கேரன் ஃபின்லி. பின்னாளில் அந்தப் பிரிவின் தலைமைச் செயல் அதிகாரி ஆனவர். இன்னொருவர் ஆரன் ரோசன்பெர்க்; விற்பனையைப் பார்த்துக்கொண்டவர்.

சிகாகோ அவர்களுக்கு எவ்வளவு பெரிய வேட்டை? சின்னச் சின்ன ஊர்களில் பத்து, இருபது கேமரா மாட்டிப் பிழைப்பதும், அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரத்தைக் கையில் வைத்திருப்பதும் ஒன்றா? சிகாகோ கிடைத்தால் மற்ற நகரங்களின் கதவைத் தட்டும்போது அதுவே விசிட்டிங் கார்டு.

2003இல் காண்ட்ராக்ட் ரெட்ஃப்ளெக்ஸுக்குக் கிடைத்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியிலேயே வெஸ்டர்ன் அவென்யூவின் சந்திப்புகளில் முதல் கேமராக்கள் கண் விழித்தன.

* * *

அந்தக் கண் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நிமிடம் கிட்டப் போய்ப் பார்த்துவிடுவோம்.

நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் தாருக்கு அடியில் கம்பிச் சுருள்களைப் புதைத்திருப்பார்கள். சிக்னல் சிவப்பான பிறகு கார் ஒன்று அதன்மேல் வேகமாக ஏறினால் கேமராவுக்குச் செய்தி போகும். முதல் படம்: கார் கோட்டுக்கு இந்தப் பக்கம், விளக்கு சிவப்பு. இரண்டாவது படம்: அதே கார் சந்திப்பின் நடுவே, விளக்கு இன்னும் சிவப்பு. மூன்றாவதாக நம்பர் பிளேட்டின் பெரிதாக்கிய படம். கூடவே சில விநாடி வீடியோ. ஒருவர் உட்கார்ந்து இதையெல்லாம் சரிபார்த்த பிறகு, காரின் உரிமையாளர் வீட்டுக்குத் தபாலில் அபராதச் சீட்டு போகும். ஓட்டியது யார் என்று கேட்பதில்லை. வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் கட்ட வேண்டும். முதலில் 90 டாலர், பிறகு 100.

போலீஸ்காரர் இல்லை, வாக்குவாதம் இல்லை, கெஞ்சல் இல்லை, அங்கேயே கை மாறும் பத்து டாலரும் இல்லை. கேமராவை ஆதரித்தவர்கள் சொன்ன பெரிய நியாயமே இதுதான்: இயந்திரம் லஞ்சம் வாங்காது.

வாங்கவில்லைதான். அதை மாட்டியவர்கள் வாங்கினார்கள்.

* * *

காண்ட்ராக்ட் கிடைத்த சூட்டோடு ரெட்ஃப்ளெக்ஸுக்கு சிகாகோவில் ஒரு உள்ளூர் ஆள் தேவைப்பட்டது. நகராட்சியோடு பேச, கேமராக்களின் தேவைகளைக் கவனிக்க ஒருவர். அந்த இடத்துக்கு மார்ட்டின் ஓமாலி என்பவர் வந்தார்.

ஓமாலியின் தகுதி? பில்ஸின் நண்பர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போவோம். கதையின் அச்சாணி இங்கேதான் இருக்கிறது. ஓமாலிக்கு மாதச் சம்பளம் மட்டும் தந்திருந்தால் இது சாதாரண சிபாரிசு வேலையாக முடிந்திருக்கும். சிகாகோவில் அதற்கெல்லாம் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். ஆனால் அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. நகரத்தில் புதிதாக ஏறும் கேமராக்களின் எண்ணிக்கையைப் பொறுத்து அவருக்குக் கமிஷன்.

கேமரா கூடினால் ஓமாலிக்குப் பணம். ஓமாலிக்கு வரும் பணத்தில் பெரும்பங்கு பில்ஸுக்கு. கேமரா திட்டத்தை நகரத்தின் சார்பில் கவனித்துக்கொண்டதோ அதே பில்ஸ்.

சங்கிலி முழுமையாகிவிட்டது. ஒரு சந்திப்பில் விபத்து அதிகமா குறைவா, குழந்தைகள் சாலையைக் கடக்கிறார்களா இல்லையா என்பதெல்லாம் இந்தச் சங்கிலியில் எங்கேயும் வராது. கம்பம் ஏறினால் போதும்.

லஞ்சம் என்றதும் ஒருமுறை கை மாறும் பெட்டி ஒன்றை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். காண்ட்ராக்டை வாங்கித் தர இவ்வளவு, முடிந்தது கணக்கு. அப்படி ஒரு லஞ்சம் நகரத்தின் கஜானாவுக்கு ஒருமுறை ஓட்டை போடும், அதோடு நின்றுவிடும். இங்கே நடந்தது அதைவிட மோசம் என்பது என் கருத்து. இது கேமராவோடு சேர்ந்து வளர்ந்த லஞ்சம். ஒவ்வொரு புதுக் கேமராவும் ஒரு அதிகாரியின் சொந்த வருமானமானது. நிறுத்துவதற்கு யாருக்கும் காரணமே இல்லாதபடி அமைந்த ஏற்பாடு.

* * *

ஓமாலி பின்னாளில் நீதிமன்றத்தில் சொன்ன காட்சி, கேங்ஸ்டர் படம் எதிர்பார்ப்பவர்களை ஏமாற்றும். ரெட்ஃப்ளெக்ஸிடமிருந்து பணம் வரும். வங்கியிலிருந்து ரொக்கமாக எடுப்பார். கவரில் போடுவார். உணவகத்தில் நண்பரோடு சாப்பிட உட்காருவார். கவர் மேஜையைக் கடந்து போகும். பிறகு சாப்பாடு.

இப்படிக் கடந்து போன ரொக்கம் மட்டும் 5 லட்சம் டாலருக்கு மேல். ஓமாலிக்கு ரெட்ஃப்ளெக்ஸ் தந்த மொத்தத் தொகை சுமார் 20 லட்சம் டாலர். அந்தப் பணத்தில் அரிசோனாவில் பில்ஸ் பயன்படுத்துவதற்காக ஒரு வீடு வாங்கப்பட்டது. மெர்சிடிஸ் கார் ஒன்றும் வந்தது. நிறுவனமே நேரடியாகச் செய்த உபசாரங்கள் தனி: விமான டிக்கெட், ஹோட்டல் அறை, வாடகைக் கார், கோல்ஃப், விருந்து.

இதெல்லாம் நடந்த ஆண்டுகளில் சிகாகோ நகராட்சி ஊழல் விசாரணையே இல்லாமல் நிம்மதியாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. வேலையே செய்யாமல் நின்றுகொண்டிருந்த லாரிகளுக்கு நகரம் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தது 2004இல் அம்பலமாகி, மத்திய அரசு வழக்கறிஞர்கள் அலுவலகம் அலுவலகமாகப் புகுந்துகொண்டிருந்தார்கள். அந்த அமளிக்கு நடுவில்தான் கவர்கள் கை மாறிக்கொண்டிருந்தன.

கேமரா பக்கம் ஏன் யாரும் திரும்பவில்லை?

* * *

கல்லா நிரம்பிக்கொண்டிருந்தது. அதுதான் பதில்.

திட்டம் வளர்ந்து வளர்ந்து 190 சந்திப்புகளில் 384 கேமராக்கள் என்ற நிலைக்கு வந்தது. அப்போது அமெரிக்காவிலேயே மிகப் பெரிய திட்டம் இதுதான். தொடங்கியதிலிருந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நகரத்துக்குக் கிடைத்த அபராத வருமானம் 50 கோடி டாலரைத் தாண்டியது. ரெட்ஃப்ளெக்ஸின் காண்ட்ராக்ட் மதிப்பு 10 கோடி டாலருக்கு மேல்.

டேலியின் நகரம் அப்போது பணத்துக்குத் தவித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு தவிப்பு என்றால், 2008இல் ஊரின் பார்க்கிங் மீட்டர்களை 75 ஆண்டுகளுக்கு 115 கோடி டாலருக்குத் தனியாரிடம் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். பேரப்பிள்ளைகளின் காலத்து வருமானத்தை அடகு வைத்துவிட்டு, வந்த பணத்தையும் சீக்கிரமே செலவழித்த நிர்வாகம் அது. வரியை உயர்த்தினால் ஓட்டுப் போகும். சிவப்பில் பாய்ந்தவனிடம் 100 டாலர் வாங்கினால்? தப்புச் செய்தவன்தானே கட்டுகிறான். இந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராக எந்தக் கவுன்சிலரும் வாய் திறக்க முடியாது.

பாதுகாப்பு என்ற வாதம் முழுப் பொய்யும் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். சிகாகோ டிரிப்யூன் நாளிதழ் டெக்சாஸ் ஏ அண்ட் எம் போக்குவரத்து ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்களைக் கொண்டு செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. காயம் ஏற்படுத்தும் பக்கவாட்டு மோதல்கள் 15 சதவீதம் குறைந்திருந்தன. சிவப்பில் பாய்கிற கார் குறுக்கே வருகிற காரின் கதவில் இடிப்பதுதான் அந்த வகை விபத்து. ஆளைக் கொல்வதும் அதுதான். ஆனால் நகரம் மேடை போட்டுச் சொன்னது 47 சதவீதம். அதோடு, கேமராவுக்குப் பயந்து கடைசி நொடியில் பிரேக் அடித்ததால் பின்னாலிருந்து இடிக்கும் காய விபத்துகள் 22 சதவீதம் கூடியிருந்தன.

அந்த ஆய்வில் நம் கதைக்கு மிகவும் வேண்டிய வரி வேறொன்று. ஏற்கெனவே விபத்து குறைவாக இருந்த சந்திப்புகளில் மாட்டிய கேமராக்களால் பாதுகாப்பில் பலனே இல்லை.

விபத்து குறைவான சந்திப்பில் கேமரா எதற்கு? நகரத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் ஜோசப் ஃபெர்குசன் 2013இல் தன் அறிக்கையில் ஏறக்குறைய இதையே கேட்டார். ஆபத்தான சந்திப்புகளைப் பார்த்துத்தான் கேமரா வைத்தோம் என்கிறீர்களே, அதற்குக் கோப்பு எங்கே? துறையால் காட்ட முடியவில்லை.

* * *

2010 ஆகஸ்ட்.

உடைப்பு வெளியிலிருந்து வரவில்லை. ரெட்ஃப்ளெக்ஸுக்குள்ளேயே ஒரு மூத்த அதிகாரி, தாய் நிறுவனத்தின் இயக்குநர்களுக்குக் கடிதம் எழுதினார். சிகாகோ அதிகாரிக்கு நம் நிறுவனம் உபசாரம் செய்கிறது, ஓமாலிக்குக் கொடுக்கும் கமிஷன் சந்தேகமாக இருக்கிறது என்பது அதன் சாரம்.

நிறுவனம் வழக்கறிஞர்களை வைத்து விசாரித்தது. ஒரே ஒரு தவறுதான் நடந்திருக்கிறது என்று முடிவு செய்தது. அரிசோனா பில்ட்மோர் என்ற சொகுசு ஹோட்டலில் பில்ஸ் இரண்டு இரவு தங்கிய செலவு. 910 டாலர் சொச்சம். சம்பந்தப்பட்ட தன் அதிகாரியை லஞ்ச ஒழிப்புப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பி வைத்தார்கள். சிகாகோ நகராட்சிக்குத் தகவல் சொல்லவில்லை. கோப்பை மூடிவிட்டார்கள்.

20 லட்சம் டாலர் ஓடிய ஆற்றில் 910 டாலரைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு வகுப்பும் எடுத்தார்கள்!

2011இல் பில்ஸ் ஓய்வு பெற்றார். மேயர் நாற்காலியில் டேலி போய் ரஹ்ம் இமானுவேல் வந்தார். இமானுவேலுக்குக் கேமராவின் மேல் இன்னும் பெரிய ஆசை. பள்ளிகள், பூங்காக்கள் அருகே வேகத்தை அளக்கும் கேமராக்களும் வைக்க 2012இல் கவுன்சிலின் ஒப்புதலை வாங்கினார். அந்தக் காண்ட்ராக்டும் மடியில் விழும் என்று ரெட்ஃப்ளெக்ஸ் காத்திருந்தது. ஓய்வுபெற்ற பில்ஸோ, கேமராக்களுக்கு ஆதரவாகப் பேசும் அமைப்பு ஒன்றில் ஆலோசகர் வேலைக்குப் போயிருந்தார். அந்த அமைப்புக்குப் பணம் கொடுத்தது யார் என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

இந்த நிலையில்தான் பழைய கடிதம் டிரிப்யூன் நிருபர் டேவிட் கிட்வெல்லின் கையில் கிடைத்தது.

2012 அக்டோபரில் செய்தி வந்தது. கேள்வி கேட்டு நிருபர் தொடர்பு கொண்ட பிறகுதான், அந்த ஹோட்டல் பில்லை ரெட்ஃப்ளெக்ஸ் நகராட்சியிடமே ஒப்புக்கொண்டது. இமானுவேல் தாமதிக்கவில்லை. வேகக் கேமரா போட்டியிலிருந்து அந்த நிறுவனத்தை வெளியே தள்ளினார்.

அதுவரை எல்லாமே 910 டாலர்தான். ஆனால் ஒரு நூல் பிரிந்துவிட்டது.

* * *

இந்த முறை சமாளிக்க முடியாது என்று தெரிந்து, ரெட்ஃப்ளெக்ஸ் வெளியாள் ஒருவரை விசாரணைக்கு அமர்த்தியது. டேவிட் ஹாஃப்மன். சிகாகோவின் முன்னாள் தலைமைக் கண்காணிப்பாளர். நகராட்சியின் சந்து பொந்தெல்லாம் தெரிந்தவர். 2013 மார்ச்சில் அவருடைய முடிவுகள் வெளியே வந்தபோது ஹோட்டல் பில் ஒன்று என்பது போய், நிறுவனச் செலவில் பில்ஸ் போன 17 பயணங்கள் என்றானது. ஓமாலிக்குக் கமிஷன் கொடுத்த ஏற்பாட்டையும் அந்த அறிக்கை பூசி மெழுகவில்லை. லஞ்சமாகத் தோன்றும் ஏற்பாடு என்றே சொன்னது.

ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் ரெட்ஃப்ளெக்ஸ் பங்கின் வர்த்தகம் நிறுத்தி வைக்கப்பட்டது. மேலிடத் தலைகள் வரிசையாக உருண்டன. ஃபின்லி ராஜினாமா செய்தார். ரோசன்பெர்க் வேலையை இழந்தார். பிறகு அரசுத் தரப்பு சாட்சியாக மாறினார்.

2014 மே மாதம் பில்ஸ் கைதானார்.

2016 ஜனவரியில் விசாரணை. ஓமாலி குற்றத்தை ஒப்புக்கொண்டு அப்ரூவர் ஆகியிருந்தார். நண்பருக்கு எதிராகக் கூண்டில் ஏறி, கவர்களின் கதையை அவரே சொன்னார். பில்ஸ் தரப்பு வழக்கறிஞரின் வாதம் சுவாரஸ்யமானது. நடுத்தர மட்டத்து அதிகாரி ஒருவர் தனியாக நினைத்தால் சிகாகோ மாதிரி ஊரில் இவ்வளவு பெரிய காண்ட்ராக்ட் அசையுமா? மேலே இருப்பவர்களை விட்டுவிட்டு இவரைப் பலியாடு ஆக்குகிறீர்கள் என்றார்.

ஜூரிகள் அசையவில்லை. 20 குற்றச்சாட்டுகள், இருபதிலும் குற்றவாளி. ஆகஸ்டில் நீதிபதி வர்ஜீனியா கெண்டல் பத்தாண்டு சிறை விதித்தார். ஃபின்லிக்கு 30 மாதம். ஓமாலிக்கு ஆறு மாதம். 2017இல் ரெட்ஃப்ளெக்ஸ் 2 கோடி டாலர் கட்டிச் சிகாகோவோடு சமரசம் செய்துகொண்டது. நகரம் கேட்டிருந்தது 30 கோடிக்கும் மேல்.

வழக்கறிஞர் கேட்ட கேள்வி மட்டும் நீதிமன்றத்தின் காற்றில் நின்றுவிட்டது. பில்ஸுக்கு மேலே நகராட்சியில் வேறு யாரும் இந்த வழக்கில் தண்டனை பெறவில்லை. யாருக்கும் தெரியாதா, தெரிந்துகொள்ள விருப்பமில்லையா? நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். வருடா வருடம் பட்ஜெட்டில் கோடிகளைக் கொண்டுவந்து கொட்டுகிற திட்டத்தை யார் தோண்டுவார்கள்?

* * *

இதற்குள் வாசகர்களுக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கலாம். லஞ்சம் கொடுத்து மாட்டிய கேமரா என்று தெரிந்த பிறகு கேமராக்கள் கழற்றப்பட்டனவா? இல்லை. பெரும்பாலானவை அதே கம்பத்தில், அதே சந்திப்பில் வேலையைத் தொடர்ந்தன. லஞ்ச வழக்கால் பழைய அபராதங்கள் செல்லாமல் போகவும் இல்லை. நகரம் செய்ததெல்லாம் நிறுவனத்தை மாற்றியதுதான். ரெட்ஃப்ளெக்ஸ் போனது, ஜெராக்ஸ் வந்தது. ஆம், நகல் எடுக்கும் அதே ஜெராக்ஸ்.

கைமாற்றம் நடந்தது 2014இன் தொடக்கத்தில். அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது.

சிவப்புக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரியும் அல்லவா? அது குறைந்தது 3 நொடி எரிய வேண்டும் என்பது அமெரிக்க மத்திய அரசின் வழிகாட்டுதல். சிகாகோவின் பெரும்பாலான சந்திப்புகளில் அந்தக் குறைந்தபட்ச 3 நொடியைத்தான் வைத்திருந்தார்கள். ஒரு துளி கூடுதல் கிடையாது. மின்சாரத்தின் சின்ன ஏற்ற இறக்கத்தில் சில நேரம் கணினியில் 2.9 என்று பதிவாகும். ரெட்ஃப்ளெக்ஸ் காலத்தில், 3 நொடிக்குக் குறைவாகப் பதிவான மீறல்களுக்குச் சீட்டு அனுப்பாமல் ஒதுக்கிவிடும் வழக்கம் இருந்தது. லஞ்சம் கொடுத்த கம்பெனியிடம் இருந்த ஒரு நல்ல பழக்கம்!

புது நிறுவனம் வந்த பிறகு அந்தச் சீட்டுகள் ஒதுக்கப்படவில்லை. 2.9 நொடி மஞ்சளுக்கும் 100 டாலர் கேட்டுத் தபால் போக ஆரம்பித்தது. ஒன்றிரண்டு இல்லை, பத்தாயிரக்கணக்கில். அறிவிப்பு இல்லை, கவுன்சில் தீர்மானம் இல்லை. மேல்முறையீட்டுக்கு வந்த சீட்டுகளில் 2.9 என்ற எண்ணைப் பார்த்த விசாரணை அதிகாரிகள் சிலர் அவற்றைத் தள்ளுபடி செய்யத் தொடங்கியபோதுதான் விஷயம் மெல்லக் கசிந்தது.

பில்ஸ் அப்போது நாற்காலியில் இல்லை. ஓமாலி இல்லை, கவர்களும் இல்லை. அப்படியானால் அந்த 0.1 நொடியை எடுத்துக்கொள்ளச் சொன்னது யார்?

(தொடரும்)